யாழினி காதில் பட்ட துப்பாக்கி

பள்ளி திறந்த முதல் நாள் தர்ஷன்தான் ஆரம்பித்தான். ஆட்டோவில் ஏறி உட்காரக்கூட இல்லை, பையை என் கையில் திணித்துவிட்டு, "அண்ணா, யாழினிய அமெரிக்காவுல துப்பாக்கியால சுட்டுட்டாங்களாமே, காதுல?" என்று கேட்டான். பின்னாலிருந்து மோனிஷா, "ரெண்டு காதுலயும்டா" என்று திருத்தினாள். என் மகள் யாழினி மறுத்தாளா என்றால் இல்லை. இரண்டு காதும் நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

துப்பாக்கி உண்மைதான், பிள்ளைகளே. ஆனால் நீங்கள் டிவியில் பார்க்கிற துப்பாக்கி இல்லை. சிங்கவரம் ரோட்டில் ஏறி செஞ்சிப் பள்ளிக்கூட கேட் வருவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதியும் இல்லை. வண்டி ஓட்டுகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கதை சொல்லவும் கூடாது. அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் மோனிஷா திருத்திக்கொள்ளட்டும்.

நாங்கள் அமெரிக்கா போனதற்குக் காரணம் ஒரு காதுகுத்து. யாழினியின் அம்மா அலமேலுவுக்கு ஒரே தம்பி, பிரபு. நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். யாழினிக்கு அவன்தான் தாய்மாமன். நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். அவன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது, குத்த முடியவில்லை. அதன்பிறகு அவனால் வர முடியவில்லை. ஒரு வருஷம் கொரோனா என்றான், அடுத்த வருஷம் விசா என்றான். யாழினி மூன்றாம் வகுப்பே முடித்துவிட்டாள். காது மட்டும் மூளியாகவே இருந்தது.

கல்யாண வீடுகளில் ஒவ்வொருத்தரும் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார்கள். "பெரியப்பன் மவன் மடியில உக்கார வெச்சி குத்திட்டுப் போயேன், அலமேலு. ஊசி இன்னா ஆள் பாத்தா குத்துது?" என்பார்கள். அலமேலு விட்டுக்கொடுக்கமாட்டாள். "எந்தம்பி உசுரோட இருக்குறான். அவன் மடி இருக்கச்சே எம்பொண்ணுக்கு எதுக்கு இரவல் மடி?" என்று கேட்பாள்.

இந்த வருஷம் பிரபுவின் மனைவி நித்யாவுக்குக் குழந்தை பிறந்தது. நித்யாவுக்குத் தாய் இல்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டான். கூடவே என்னையும் யாழினியையும் வரச் சொன்னான். "திரும்பும்போது நானும் உங்களோடவே வரேன், மாமா. காது குத்திட்டு நான் மட்டும் வந்துடறேன்" என்று போனில் சத்தியம் செய்தான். அலமேலு அன்றைக்கே பத்திரிகை அடிக்கலாமா என்று கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் செய்தி பரவியதும் ஆளாளுக்கு அமெரிக்காவைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். "இப்பவா போற? ஆளப் புடிச்சி கையில சங்கிலி போட்டு பிளேன்ல ஏத்துறானுங்களே" என்றார் ஒருவர். "டாலரே படுத்துடுச்சாம்பா" என்றார் இன்னொருவர். டீ மாஸ்டர் மட்டும் அக்கறையாக, "அங்க முட்ட வெல ஏறிப்போச்சாம். வேக வெச்சி நாலு எடுத்துக்கினு போ" என்றார். செஞ்சியைத் தாண்டி திண்டிவனத்தில்கூட ஒரு நாள் தங்காதவர்கள் எல்லாம் அந்த ஊர் அதிபருக்கு யோசனை சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன்.

போய் இறங்கினோம். விமான நிலைய ஆள் பையைத் திறந்து, "இது என்ன?" என்றார். வறுத்த மல்லாட்டை. என்னிடம் அதற்கு இங்கிலீஷ் இல்லை. யாழினிதான் "பீநட்" என்று காப்பாற்றினாள். வெளியில் பிரபு கார் கொண்டுவந்திருந்தான். வழியெல்லாம் வண்டிகள் சாரை சாரையாகப் போகின்றன, ஒரு ஹார்ன் சத்தம் இல்லை. விமானத்தில் காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன். காது சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் அலமேலு நித்யாவுக்குப் பூண்டுக் குழம்பு வைத்தாள். எண்ணெயில் கடுகும் மிளகாயும் போட்டதும் வீடே "கீ கீ" என்று கத்த ஆரம்பித்தது. புகை வந்தால் கத்துகிற ஒரு வட்டமான பெட்டியைக் கூரையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பிரபு நாற்காலிமேல் ஏறி நின்று துண்டால் விசிறினான். "தாளிக்கறதுக்குக் கூடவாடா இந்த ஊர்ல கேஸ் போடுவான்?" என்றாள் அலமேலு. மறுநாளிலிருந்து தாளிக்கும்போதெல்லாம் யாழினி துண்டோடு தயாராக நிற்பாள்.

நாம் வறுத்தும் அவித்தும் தின்கிற மல்லாட்டையைப் பார்த்து அங்கே பயப்படுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் மூச்சே முட்டிவிடுமாம். "அண்ணி, விளையாட வர பசங்களுக்கு மட்டும் குடுத்துடாதீங்க" என்று நித்யா பொட்டலத்தை மேல் அலமாரியில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் தெருக்கோடி வீட்டுப் பையன் ஒருவன் அதற்காகவே கழுத்தில் மருந்துப் பை மாட்டிக்கொண்டு சைக்கிள் விடுவதைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

டிவி பற்றிச் சொல்ல வேண்டும். பிரபு வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் செய்தி பார்ப்பான். ஒரு சேனலில் நாடு இத்தோடு முடிந்தது என்பார்கள். அடுத்ததில் நாடு இப்போதுதான் எழுந்து நிற்கிறது என்பார்கள். அதிபர் காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் அது அப்படி இல்லை என்பார். நான் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன். ஒரு அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார். நாயும் அம்மாவும் நாடு முடிந்துபோன மாதிரி நடக்கவில்லை. டிவிக்காரர்கள் நம் ஊர் மைக் செட் மாதிரிதான், சத்தம் போடாவிட்டால் வாடகை வராது என்று முடிவு செய்தேன்.

ஆனால் பிரபு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சாலையில் போலீஸ் வண்டி போனால் அவன் கை தானாகப் பேன்ட் பையைத் தொட்டுப் பார்க்கும். காகிதங்கள் இருக்கின்றனவா என்று. கடையில் நாங்கள் சத்தமாகப் பேசினால், "கொஞ்சம் மெதுவா, மாமா" என்பான். அவன் திருட்டுத்தனமாகப் போனவன் இல்லை. வரி கட்டுகிறவன், எல்லாக் காகிதமும் சரியாக வைத்திருப்பவன். "அப்புறம் எதுக்குடா பயம்?" என்றால், "சரியா இருக்குறவங்களுக்கும் இப்ப கேள்வி வருது, மாமா" என்பான்.

ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது அவன் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். கம்பெனி வக்கீல் பேசினாராம். வேலை விசாவுக்கு ஏதோ புது விதி வருகிறதாம். இப்போது நாட்டை விட்டுப் போனால் மறுபடி சென்னையில் முத்திரை வாங்க எத்தனை மாதம் ஆகும், கிடைக்குமா என்றே சொல்ல முடியாதாம். போகாதே என்று சொல்லிவிட்டாராம்.

"அதனால?" என்றாள் அலமேலு.

"அதனால நான் வர முடியாதுக்கா."

"யாழினி காது?"

"அக்கா, அங்க மாட்டிக்கினா இந்த வேல போயிடும். பச்சக் கொழந்தயும் நித்யாவும் இங்க இருக்குறாங்க. நான் அங்க உக்காந்து இன்னா பண்ணுவேன்?"

"வக்கீல் சொன்னா கேப்ப. டிவிக்காரன் சொன்னா கேப்ப. உன்ன இடுப்புல தூக்கினு வளத்தவ சொன்னா மட்டும் கேக்கமாட்ட."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அவனோடு பேசவில்லை. அவன் இருக்கும்போதே என்னைப் பார்த்து, "உங்க மச்சானுக்கு மோர் வேணுமான்னு கேளுங்க" என்பாள். நான் கேட்பேன். அவன் "வேணாம்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க" என்பான். நானும் மனசுக்குள் அவனைக் குறை சொன்னேன். வர மனசில்லை, நியூஸ் மேல் பழியைப் போடுகிறான் என்று நினைத்தேன்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் யாழினியைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கிளம்பினேன். அங்கே கண்டக்டர் கிடையாது, டிரைவரே எல்லாம். சுற்றிவிட்டு வரும்போது எங்கள் தெரு முனை தெரிந்தது. வண்டியோ வேகம் குறையவில்லை. நான் எழுந்து, நம் ஊரில் கத்துகிற மாதிரியே, "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்தினேன்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சட்டென்று எதிரிலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா கண்ணையே மூடிக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார், வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. யாழினி என் சட்டையை இழுத்து, "நைனா, ஹோல்ட் ஆன்னா கெட்டியாப் புடிச்சிக்கோன்னு அர்த்தம்! நீ மோதப் போவுதுன்னு சொல்ற மாதிரி இருக்குது!" என்றாள். செஞ்சியில் கண்டக்டர் காலம் காலமாக வண்டியை நிறுத்திய சொல், அங்கே ஒரு வண்டி ஜனத்தையே நடுங்க வைத்துவிட்டது. ஜன்னலோரம் ஒரு கயிறு தொங்குகிறது, அதை இழுத்தால்தான் நிற்குமாம். கண்டுபிடித்து இழுப்பதற்குள் வண்டி எங்கேயோ போய்விட்டது.

இறங்கிய இடத்தில் நடக்கப் பாதை இல்லை. புல்லும் காரும்தான். மரத்தடியில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பின்னால் திறந்த பெரிய வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதில் கொடி பறந்தது. ஓட்டி வந்தவர் பிரபுவின் எதிர் வீட்டுக்காரர், டாம். வெள்ளை மீசை. வாசலில் அதிபரின் பேர் போட்ட பலகை நட்டு வைத்திருப்பவர். அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம் என்று பிரபு எங்களிடம் சொல்லியிருந்தான். எனக்குத் தயக்கம்தான். அவரோ கதவைத் திறந்துவிட்டு, யாழினிக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

என் சட்டைப் பையில் மல்லாட்டை இருந்தது. மூச்சு முட்டுமா என்று யாழினியை விட்டுக் கேட்டுவிட்டு நீட்டினேன். வாங்கித் தின்றார். நல்ல ருசி என்று மறுபடியும் கை நீட்டினார். மனைவி இறந்துவிட்டாராம், தனியாகத்தான் இருக்கிறாராம். பனி கொட்டுகிற நாளில் அவர் வாசல் பனியையும் சேர்த்துப் பிரபுதான் தள்ளிவிடுவானாம். பேசிக்கொண்டே வந்தவர் நீளமாக ஏதோ சொன்னார். யாழினி மொழிபெயர்த்தாள்.

"மாமா ரொம்ப நல்லவராம், நைனா. மாமா மாதிரி ஆளுங்க இருக்கலாமாம். மத்தவங்கள்லாம்தான் போயிடணுமாம்."

நான் சிரித்துத் தலையாட்டினேன். ஆனால் வாயில் போட எடுத்த மல்லாட்டையைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

பிள்ளைகளே, என் நைனா முனுசாமி வல்லத்துப் பக்கம் ஒருவர் நிலத்தில் கூலிக்குப் போவார். எங்களுக்கு என்று ஒரு சாண் நிலம் கிடையாது. அந்த நிலக்காரர் மோசமானவர் இல்லை, பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். ஆனால் அடிக்கடி ஒன்று சொல்வார்: "முனுசாமி, நீ நல்லவன்டா. உங்க ஆளுங்கதான் சரியில்ல." அப்படிக் கேட்டு வந்த நாளில் நைனா வீட்டில் யாரிடமும் பேசமாட்டார். பாராட்டத்தானே செய்தார், இதற்கு ஏன் முகம் வாட வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதில் புரியாது. டாம் வண்டியில் புரிந்தது. ஒருவனை நல்லவன் என்று உள்ளே உட்கார வைத்து, அவன் கூட்டத்தையே வெளியே நிறுத்துகிற பேச்சு அது. நாளைக்கு அவனும் நல்லவனில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அவனும் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். பிரபு தினமும் அந்த சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

டாமைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. எங்களுக்காக அத்தனை தூரம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்கிறது. டிவியில் இதைக் காட்டமாட்டார்கள், நேரம் போதாது.

வீட்டுக்கு வந்து அலமேலுவிடம் சொன்னேன். "உன் தம்பி சாக்கு சொல்லல. நெசமாவே பயப்படறான். வரச் சொல்லி வற்புறுத்தாத." அவள் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

ஊருக்குக் கிளம்பும் முன், உங்களுக்கெல்லாம் சாக்லேட் வாங்க ஒரு பெரிய கடைத்தொகுதிக்குப் பிரபு கூட்டிப்போனான். நித்யா குழந்தையோடு வீட்டில் இருந்தாள். கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே ஒரு கம்மல் கடை. வாசலில் உயரமான நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை உட்கார்ந்திருந்தது. கடைக்காரப் பெண் கையில் சின்னத் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காதில் வைத்து அழுத்தினாள். "டக்" என்றது. கம்மல் ஏறிவிட்டது.

யாழினி அங்கேயே நின்றுவிட்டாள். "அம்மா, மாமாதான் ஊருக்கு வர முடியாதே. நான்தான் இங்க இருக்கேனே. இங்கயே குத்திக்கிறேன்."

அலமேலு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நல்லா இருக்குது. கோயில் இல்ல, சாமி இல்ல, சொந்தம் இல்ல. வளையல் கடையில நின்னு குத்திக்கிறதா?"

பிரபு நேராகக் கடைக்காரப் பெண்ணிடம் போய் ஏதோ பேசினான். பிள்ளைகள் தனியாகத்தான் உட்கார வேண்டும் என்று அவள் தலையாட்டினாள். இவன் விடாமல் பேசினான். கடைசியில், குழந்தை ஆடாமல் இருந்தால் சரி என்றாள். பிரபு அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மடியைத் தட்டிக் காட்டினான். யாழினியை அல்ல, அக்காவைத்தான் பார்த்தான்.

அலமேலு அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அவன் முட்டிக்கு மேல் நிற்கிற அரை டவுசர் போட்டிருந்தான். பேச்சு நின்றுபோன நாளுக்கு அப்புறம் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"தாய்மாமன் டவுசரோடவாடா உக்காருவான்? எழுந்து போய் வேட்டி கட்டிக்கினு வாடா."

அவன் காரைக் கிளப்பினான், நானும் கூடப் போனேன். காதுகுத்துக்கு என்று அவன் வாங்கி வைத்திருந்த சரிகை வேட்டி, ஊருக்குக் கட்டிய பெட்டியிலேயே இருந்தது. கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். கார் நிறுத்துகிற இடத்தில் இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாரும் பாப்பாங்க, மாமா."

"பாக்கட்டுமே. நம்ம தெருவுலேர்ந்து மொதமொதல்ல ஷூ மாட்டிக்கினு நீ காலேஜி போனப்பகூடத்தான் ஊரே பாத்துது. போவாமலா இருந்த?"

அவன் சிரித்தான். அங்கே போனதிலிருந்து அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இறங்கி, வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். பார்த்தார்கள், நிஜம்தான். ஒரு பெண் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். மற்றவர்கள் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மாமன் மடியில் யாழினி உட்கார்ந்தாள். முதல் காதில் "டக்". உடனே அவள் போட்ட கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நம் செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சியில் நின்றிருந்தாலும் கேட்டிருக்கும். "வேணாம்! ஒரு காது போதும்!" என்று திமிறினாள். கடைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யூனிபார்ம் போட்ட காவல்காரர் ஒருவர், இடுப்பில் கையை வைத்தபடி வேகமாக வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். அவருக்குத் தெரியாத உடையில் ஒரு ஆள், மடியில் அலறுகிற குழந்தையைப் பிடித்துவைத்திருக்கிறான். அவர் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்?

"என்ன நடக்கிறது இங்கே?" என்றார்.

பிரபுவின் கை பையைத் தொடவில்லை. வேட்டியில் பை ஏது? இரண்டு கையும் யாழினியைச் சுற்றித்தான் இருந்தன. அவன் எழுந்திருக்கவும் இல்லை. கடையில் மெதுவாகப் பேசச் சொன்னவன், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் சொன்னான்: "இவள் என் அக்கா மகள். காது குத்துகிறோம். எங்கள் வழக்கப்படி இவள் என் மடியில்தான் உட்கார வேண்டும். அதனால் நான் எழுந்திருக்க முடியாது."

காவல்காரர் அலமேலுவைப் பார்த்தார். அவள் கையைக் கூப்பிவிட்டு, "மாமன், மாமன்" என்று தம்பியைக் காட்டினாள். அவர் முகம் இளகியது. "என் மகளும் இப்படித்தான் கத்தினாள்" என்று யாழினிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்துக் காட்டினார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிச் செய்ததைப் பார்த்து யாழினி அழ மறந்துவிட்டாள். அந்த நேரத்தில் இரண்டாவது "டக்".

பிரபு அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தான். அவள் அவன் காதைப் பிடித்து நிமிர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காது ஆயிடுச்சு. மொட்ட இருக்குது. அது நம்ம கொலதெய்வத்துக்கு முன்னாடி, உன் மடியில. அதுக்கெல்லாம் இங்க எவனும் கடை வெக்கல. நல்ல காலம் பொறந்ததும் வந்து சேரு. அதுவரைக்கும் இவ தலையில ஒரு முடிகூட நான் எடுக்கமாட்டேன்."

"வரேங்க்கா" என்றான் பிரபு. எந்த வருஷம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்துகொண்டு யாழினியின் சடையைப் பிடித்து இழுக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும், தர்ஷன். இனிமேல் இழுக்காதே. அது அவள் மாமா வந்து இறக்க வேண்டிய முடி.